லூசில் முதல் மிக்காபர் வரை: கிடார்ப் பெயரியலுக்கு ஒரு முன்னுரை

உலகத்தில் ஆராய வேண்டியதையெல்லாம் ஆராய்ந்து முடித்தாயிற்று. மிச்சமிருப்பது, இசைக்கலைஞர்கள் தங்கள் கிடாருக்குப் பெயர் வைக்கிறார்களா, வைத்தால் எதற்கு என்கிற ஒரே ஒரு வினா. பல்கலைக்கழகங்கள் இதைத் தொடாமல் விட்டதற்கு அச்சமே காரணமாக இருக்க வேண்டும். எவரிடமும் நிதி பெறாமல் எழுதப்படும் இக்கட்டுரை அந்தக் குறையைத் தீர்த்துவைக்கும்.

முதலில் வரையறை. தொழிற்சாலை வைத்த பெயரைக் கணக்கில் சேர்ப்பதற்கில்லை. ஸ்டிராடோகாஸ்டர், டெலிகாஸ்டர், லெஸ் பால் எல்லாம் பொதுப்பெயர்கள். கடையில் வரிசையாகத் தொங்கும் அத்தனைக்கும் பொருந்துபவை. உடையவர் தன் ஒரு கிடாரை மட்டும் கூப்பிடுவதே சிறப்புப் பெயர். அதில் இடுகுறி எது, காரணம் எது என்று பிரிக்க நன்னூலே போதும். இதற்காகப் பிரான்சிலிருந்து கோட்பாடு எதையும் தருவிக்க வேண்டியதில்லை.

காரணப் பெயர்களில் தலையாயது லூசில். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த கதை இது. 1949 குளிர்காலத்தில், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ட்விஸ்ட் என்ற சிற்றூரில், ஒரு நடனக் கொட்டகையில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்காகக் கூடத்தின் நடுவே பீப்பாய் ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி வைத்திருந்தார்கள். இரண்டு பேர் கட்டிப் புரண்டு சண்டை போட்டதில் பீப்பாய் கவிழ்ந்து தரையெல்லாம் தீ ஓடியது. எல்லோரோடும் கிங்கும் வெளியே ஓடினார். வாசலுக்கு வந்த பிறகுதான் கிடார் உள்ளே கிடப்பது நினைவுக்கு வந்தது. திரும்ப உள்ளே பாய்ந்து, எரிந்துகொண்டிருந்த கட்டடத்திலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தத் தீயில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். சண்டை லூசில் என்ற பெண்ணை முன்னிட்டு வந்தது என்று பிறகு தெரிந்தது. இனி இப்படியொரு மடத்தனத்தைச் செய்யக் கூடாது என்று தனக்கே நினைவூட்டிக்கொள்ள அந்தப் பெயரைக் கிடாருக்கு வைத்தார்.

கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்ணை கிங் பார்த்ததே இல்லை. பெயர் வைப்பது காதலால் என்று பாமரர் நம்புவது இங்கேயே அடிபட்டுப் போகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. அதன்பின் அவர் வாசித்த கிடார்கள் பல. எல்லாவற்றுக்கும் லூசில் என்றே பெயர். ஆகவே லூசில் என்பது பெயரல்ல, பதவி. ஒருத்தி ஓய்வு பெற்றால் அடுத்தவள் பொறுப்பேற்பாள். 1980-ல் கிப்சன் நிறுவனம் லூசில் என்றே ஒரு மாடல் போட்டது. கிடாரின் மேற்பலகையில் இருக்கும் எஃப் வடிவத் துளைகளால் மேடையில் ஊளைச் சத்தம் வருகிறது என்று கிங் அவற்றில் துணியை அடைத்து வந்தார். கம்பெனி துளைகளையே எடுத்துவிட்டது. சிறப்புப் பெயர் இப்படிப் பொதுப்பெயராகிவிட்டதால் மேலே தந்த வரையறை ஆட்டம் காண்கிறதே என்று சிலர் கேட்கலாம். அவர்கள் கேட்கட்டும்.

லூசில் வழியில் ஒரு குலமே கிளைத்தது. ஆல்பர்ட் கிங்கின் அம்புமுனை வடிவ ஃப்ளையிங் வி கிடாருக்கு லூசி என்று பெயர். 1968-ல் எரிக் கிளாப்டன் பரிசளித்த சிவப்பு லெஸ் பாலுக்கு ஜார்ஜ் ஹாரிசன் வைத்த பெயரும் லூசியே. இது செம்பட்டை முடி நடிகை லூசில் பாலை நினைத்து. 1973-ல் இந்த லூசி திருடுபோய் மெக்சிகோ வரை போய்விட்டாள். வேறொரு லெஸ் பாலையும் ஒரு பேஸ் கிடாரையும் ஈடாகக் கொடுத்து ஹாரிசன் மீட்டார். பெயரில்லாத கிடாருக்கு எவனாவது இரண்டு வாத்தியத்தைப் பணயமாகக் கொடுப்பானா?

கிளாப்டனின் முறை வேறு. 1970-ல் நாஷ்வில் கடை ஒன்றில் ஆறு பழைய ஸ்டிராடோகாஸ்டர்களை ஒவ்வொன்றும் நூறு டாலர் வீதம் வாங்கி, மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய மூன்றின் நல்ல உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கினார். அது கறுப்பு, பெயர் பிளாக்கி. அதற்கு முன் அவர் வாசித்தது பழுப்பு, பெயர் பிரவுனி. செவலை, மயிலை, காரி என்று நிறம் பார்த்து மாட்டுக்குப் பெயர் வைக்கும் நம் சம்சாரிக்கும் இவருக்கும் கற்பனையில் வேறுபாடு இல்லை. குவீன் குழுவின் பிரையன் மே இன்னும் மோசம். தகப்பனும் மகனுமாக 1963-ல் தொடங்கி, பழைய கணப்படுப்பின் மரத்தைச் செதுக்கிக் கழுத்தாக்கி, அம்மாவின் முத்துச்சிப்பிப் பொத்தான்களை விரற்பலகையில் பதித்துத் தாங்களே ஒரு கிடார் செய்தார்கள். பெற்ற பிள்ளைக்கு நிகரான அதற்கு வைத்த பெயர்: ரெட் ஸ்பெஷல். அவர் பிற்பாடு வான்இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதால் மன்னித்துவிடலாம்.

இடுகுறிக்குச் சான்று ஒன்றே போதும். ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு ஐந்தே கம்பியில் வாசிக்கும் டெலிகாஸ்டர், மிக்காபர். டிக்கன்ஸ் நாவலில் வரும் தீராக் கடனாளியின் பெயர். வைத்ததற்குத் தனிக் காரணம் கிடையாது. தன்னைச் சுற்றி அந்தப் பெயரில் ஆளே இல்லாததால், மேடையிலிருந்து கத்தினால் எது வேண்டும் என்று எல்லோருக்கும் புரியும் என்பதே அவர் விளக்கம். இவ்வளவு சுத்தமான நிர்வாக அறிவை ராக் இசையில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பெயரால் விலை கூடும் என்றொரு வாதம் உண்டு. 2004-ல் பிளாக்கி ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. பணம் போதை மீட்பு மையத்துக்கு. 2020-ல் ராக் பாடகர் கர்ட் கோபேனின் மார்ட்டின் கிடார் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. அதற்கு மாடல் எண்தான் உண்டு. வாதம் தள்ளுபடி.

அப்படியானால் பெயரின் பயன்தான் என்ன? விடை கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனிடம் இருக்கிறது. 1969-ல் ஒரு குடிகாரர் அவருடைய பழைய கிடாரை மிதித்து நாசமாக்கினார். பதிலுக்கு 750 டாலர் கொடுத்துக் கண்ணால் பார்க்காமலே ஒரு மார்ட்டின் என்-20 வாங்கினார். ராய் ராஜர்ஸ் என்ற சினிமா கௌபாயின் குதிரைப் பெயரான ட்ரிக்கரை அதற்கு வைத்தார். அது நைலான் கம்பி போட்ட கிடார்; விரலால் மீட்டச் செய்தது. பலகையைக் காக்கும் தகடு அதில் கிடையாது. நெல்சனோ பிக் என்னும் வில்லையால் அறைந்து வாசிப்பவர். ஆண்டுக்கணக்கில் சுரண்டிச் சுரண்டி, ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளையே விழுந்துவிட்டது. அதன் வழியே உள்சட்டம் தெரியும். சுற்றிலும் நண்பர்களின் கையெழுத்துகள். முன்னொரு முறை வீடு தீப்பிடித்தபோது அவரும் உள்ளே ஓடி அதைத் தூக்கிவந்தார். 1990-ல் வரித்துறை சொத்துகளைப் பறிமுதல் செய்தபோது ட்ரிக்கர் மட்டும் மகளின் துணையோடு ஹவாய்க்குத் தப்பிவிட்டது.

எதிர்ப்பக்கச் சான்றைப் பாருங்கள். 1967-ல் மான்டரே இசைவிழா மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மண்டியிட்டுக் கொளுத்திய ஸ்டிராடோகாஸ்டரை எந்த லூசி என்றும் யாரும் அழைத்ததில்லை. கிடார்களை அடித்து நொறுக்கிய பீட் டவுன்ஷெண்ட் எழுபதுகளில் தன் லெஸ் பால்களுக்குப் பெயருக்குப் பதில் ஒன்று, இரண்டு என்று எண்ணை ஒட்டினார். உடைப்பவன் எண் போடுகிறான். தீயில் இறங்கி மீட்பவன் பெயர் வைக்கிறான். இதை இனி கிடார்ப் பெயரியலின் முதல் விதி என்று வழங்கலாம்.

நமக்கும் இது புதிதல்ல. கீதையின் முதல் அத்தியாயத்தில் கண்ணன் ஊதியது பாஞ்சசன்யம், அருச்சுனன் ஊதியது தேவதத்தம், வீமன் ஊதியது பௌண்ட்ரம். மற்ற மூன்று பாண்டவர் சங்குகளுக்கும் பெயர் உண்டு. எதிரணியில் பீஷ்மர் முழங்கிய சங்குக்கு அங்கே பெயரில்லை. போர் எப்படி முடிந்தது என்பது எல்லோரும் அறிந்ததே. கலைமகள் வீணை கச்சபி, நாரதர் வீணை மகதி. ஆனால் பூவுலகின் கர்நாடக சங்கீதத்தில் மரபு தலைகீழ்: வாத்தியம்தான் ஆளுக்குப் பெயராகிறது. வீணை தனம்மாள், மாண்டலின் ஸ்ரீனிவாஸ், வீணை பாலசந்தர். வாத்தியத்துக்குத் தனிப் பெயரும் தேவைப்படவில்லை. சரஸ்வதி பூஜையன்று எல்லா வீணைக்கும் ஒரே சந்தனம், ஒரே குங்குமம். கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். மேடையில் வீணையை உடைக்கும் யோசனை இன்னும் எவருக்கும் வரவில்லை.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஆசைப்பட்டான் என்று வாங்கி, மூன்றாம் வகுப்போடு பரணேறிய கிடார் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதை விற்கும் எண்ணம் இருந்தால் விளம்பரம் போடுகிற வரைக்கும் யாரையும் அதற்குப் பெயர் வைக்க விட்டுவிடாதீர்கள்.