‘எறக்கிப் பாத்தாத்தான் தெரியும்’: ஒரு சூத்திரமும் உரையும்

கார் வைத்திருப்பவர் எவரும் என்றைக்காவது ஒரு நாள் கேட்டே தீர வேண்டிய சூத்திரம் இது. கியர் சரியாக விழவில்லை என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், கிரீஸ் படிந்த கையைப் பனியன் துணியில் துடைத்தபடி மெக்கானிக் இதை அருளுவார். ஆசிரியர் பெயர் தெரியவில்லை. காலமும் தெரியவில்லை. செவிவழியாகவே வழங்கி வருகிறது. ஏட்டில் எழுதியதில்லை, பில்லிலும் எழுதியதில்லை. இவ்வளவு புழக்கமுள்ள நூற்பாவுக்கு உரை காண ஒருவரும் முன்வராததால், பாதிக்கப்பட்டவன் என்ற ஒரே தகுதியில் நான் துணிகிறேன்.

முதலில் பாடபேதம். மதுரைப் பாடம்: ‘எறக்கிப் பாத்தாத்தான் சார் தெரியும்.’ கோவைப் பாடம்: ‘எறக்கிப் பாத்தாத்தானுங்க தெரியும்.’ நெல்லைப் பாடத்தில் ‘சார்’ நிற்கும் இடத்தில் ‘அண்ணாச்சி’ நிற்கிறது. பொருளில் வேறுபாடில்லை, தொகையிலும் பெரிதாக இல்லை.

இனிச் சொற்பொருள். ‘எறக்கி’ என்பது இறக்கி என்பதன் பேச்சு வடிவம்; பிறவினையின் அடியாகப் பிறந்த வினையெச்சம். எதை இறக்கி என்று சொல்லாததால் செயப்படுபொருள் தொக்கு நிற்கிறது. முதன்முறை கேட்டபோது நான் காரைவிட்டு இறங்கினேன். தன்வினை, பிறவினை பற்றிப் பள்ளியில் தமிழாசிரியர் தலையில் குட்டிச் சொன்னது அன்றைக்குத்தான் விளங்கியது. இறங்க வேண்டியது நானல்ல, கியர்பாக்ஸ்.

அதை ஏன் இறக்க வேண்டும்? கிளட்ச் பிளேட் இருக்கும் இடம் அப்படி. இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே, இரு உள்ளங்கைக்குள் வைத்த அப்பளம் மாதிரி அது அழுந்திக் கிடக்கிறது. அதன் நடுத்துளைக்குள் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் நுழைந்திருக்கிறது. ஆகவே ஒரு தட்டைப் பார்ப்பதற்கு, ஆயிலை வடித்து, முன்சக்கரங்களுக்குப் போகும் இரண்டு ஷாஃப்டையும் உருவி, இன்ஜினுக்கு ஜாக்கியால் முட்டுக்கொடுத்து, போல்ட்டுகளைக் கழற்றி, மொத்தப் பெட்டியையும் ஒரு பையன் மல்லாந்து படுத்து நெஞ்சில் வாங்கிக்கொள்ள வேண்டும். தட்டின் விலையைவிட அதைப் போய்ச் சேரும் வழிச்செலவு அதிகம்.

‘தான்’ என்னும் இடைச்சொல்லில்தான் தத்துவமே இருக்கிறது. காண்டல், கருதல், உரை என அளவைகளை நம் முன்னோர் வகுத்தார்கள். இந்தத் ‘தான்’ பின்னிரண்டையும் ஒரே அடியில் தள்ளிவிடுகிறது. கண்ணால் கண்டதே அறிவு. எனவே மெக்கானிக் உலோகாயதர். நாளெல்லாம் உலோகத்தோடு புழங்குவதால் மட்டும் இதைச் சொல்லவில்லை.

கருதல் அளவை அவ்வளவு மட்டமானதா என்பதே என் மறுப்பு. கிளட்ச்சை மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால் சந்தேகம் ரிலீஸ் பேரிங் மேல். நியூட்ரலில் காலை எடுத்தால் இரைந்து, மிதித்தால் அடங்கினால் கியர்பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்டின் பேரிங். ஒரே ஒரு கியர் மட்டும் கறகறத்தால் அந்த கியரின் பித்தளை வளையம். இன்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை என்றால் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. மேம்பாலத்து ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆஃப் கிளட்ச்சிலேயே நின்றவர் தன் இடது காலை விசாரிக்கலாம். இன்ஜினை அணைத்தால் எல்லா கியரும் வழுவழுவென்று விழுந்து, ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால், கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வரியை வாசகர் நினைவில் வைக்கவும்.

இறக்கவே வேண்டாம் என்று சொன்ன ஒரு மரபும் இருந்தது. ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் ராடு இருந்த அம்பாசிடர்களில், கம்பிகளின் புஷ் தேய்ந்து கியர் சிக்கிக்கொள்ளும். டிரைவர் பானட்டைத் திறந்து கம்பியை ஓர் உலுக்கு உலுக்கி, வேட்டியை மடித்துக்கட்டி மறுபடி ஏறிவிடுவார். 2014இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றதும் அந்தக் குருகுலத்துக்கு மாணவர் வரத்தும் நின்றது.

‘தெரியும்’ என்பது செய்யும் என்னும் வாய்பாட்டு முற்று. இது தன்மையிலும் முன்னிலையிலும் வராது என்பது இலக்கண விதி. அதாவது தெரிவது நானுமில்லை, நீங்களுமில்லை. யாருக்குத் தெரியும் என்ற நான்காம் வேற்றுமையையும் காணோம். பொறுப்பை இவ்வளவு நேர்த்தியாக மறைத்த வாக்கியத்தை நான் அரசாணைகளில்கூடக் கண்டதில்லை.

மூலத்தை ஒட்டி ஒரு துணைச் சூத்திரம் உண்டு: ‘எறக்குனதோட எறக்குனதா எல்லாத்தையும் மாத்திருங்க.’ பலர் இதைக் கொள்ளை என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிளேட்டை மட்டும் மாற்றி, ஆறு மாதத்தில் ரிலீஸ் பேரிங் கத்தினால் அதே கூலியை இன்னொரு முறை அழ வேண்டும். ஆயில் விஷயத்தில் மட்டும் விழிப்பாக இருக்கவும். டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இருக்கும். ஐந்து நான்கைவிடப் பெரியது என்று மதிப்பெண் கணக்குப் போடக்கூடாது. ஐந்தில் கூடுதலாக உள்ள கந்தகச் சரக்கு சில கியர்பாக்ஸ்களின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். வண்டியோடு வந்த புத்தகம் நான்கு என்றால் நான்குதான்.

என் வழக்குக்கு வருகிறேன். அணைத்தால் விழும், ஓடினால் விழாத கேஸ் அது. இறக்கினார்கள். வெட்டிய கேனில் ஆயில் கறுப்பாக வடிந்தது. மெக்கானிக் இரு விரலுக்கிடையில் ஒரு சொட்டைத் தேய்த்து வெயிலில் காட்டினார். பித்தளைப் பொடி மினுங்கவில்லை. பிளேட் இன்னும் இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு மாற்றினார். மூன்றாம் நாள் மாலை ஏற்றிப் பூட்டி ஸ்டார்ட் செய்தால், முதல் கியர் பழையபடி கறகறவென்றது. அண்ணன் டீ குடிக்கப் போன நேரம், நெஞ்சில் பெட்டியை வாங்கிய அதே பையன் குனிந்து கிளட்ச் கேபிளின் முனையை விரலால் தடவினான். நாலைந்து இழை அறுந்து கேபிள் நீண்டு கிடந்தது. புதுக் கேபிள் போட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரில் நட்டை நாலு சுற்று சுற்றினான். கியர் வெண்ணெயில் கத்தி போல விழுந்தது.

பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, கேபிளை முதல் நாளே பார்த்திருக்கலாமே அண்ணே என்று மெல்லக் கேட்டேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“எறக்குனதுனாலதான சார் கேபிள்னு தெரிஞ்சுது?”