ஏரியா எப்படி மாப்ள?

வா மாப்ள, உக்காரு. பேத்திக்குக் கிண்டியில இஞ்சினீயரிங் சீட்டு கெடச்ச சங்கதிய நீ வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க ரெண்டாள் உயரத்துக்கு பிளக்ஸ் வச்சிருக்கியே, கண்ணு மங்குன எனக்கே தெரியுது. புள்ள போட்டோ, முழுப்பேரு, மார்க்கு, காலேஜு, எடுத்த குரூப்பு, அம்புட்டும் போட்டிருக்க. கீழ உன் போன் நம்பரு வேற. நேத்து வாட்ஸ்அப்புல "எம்மக தங்கப் போற ஹாஸ்டல்"னு வாசல் போட்டோவையும் வச்சிருந்தியாம், எம் பேரன் காட்டுனான். இம்புட்டையும் பண்ணிட்டு எங்கிட்ட வந்து, "மாமா, அது பாதுகாப்பான ஏரியாதானா?"ன்னு காதுக்குள்ள கேக்க. ஏ மாப்ள, களவாணிப்பய விசாரிக்கதுக்கு நீ என்ன பாக்கி வச்சிருக்க? ரூம் நம்பரு ஒண்ணுதான். அதையும் நாளைக்குப் போட்டுருவ.

முதல்ல அந்த பிளக்ஸக் கழட்டு. பேச்சு அப்புறம்.

போயிப் பாத்துட்டு வந்தேன்னியே, என்னத்தப் பாத்த? டைல்ஸு போட்டிருக்கு, ஏசி இருக்கு, வைஃபை இருக்கு, வாசல்ல கேமரா இருக்கு. சரி. மேலப்பாளையம் சந்தையில மாடு வாங்கப் போனா பல்லப் புடிச்சுப் பாக்க, சுழியப் பாக்க, நடக்கவிட்டுப் பாக்க, வித்தவன் மொகத்த ஒரு நாழிக பாக்க. புள்ளைக்கு ரூம் பாக்கப் போனா செவத்துப் பெயிண்ட மட்டும் பாத்துட்டு வந்திருக்க. கேட்டா, "நடத்துறது நம்ம ஆளுகதான் மாமா"ங்க. நம்ம ஆளுகன்னா யாருவே? போன வருசம் உன் வரப்ப வெட்டி உள்ள தள்ளுனானே, அவனும் நம்ம ஆளுதான்.

ஒரு கத சொல்லுதேன், கேளு. கதையில்ல, நடந்தது. 2018 டிசம்பர்ல ஆதம்பாக்கத்துல ஒரு லேடீஸ் ஹாஸ்டல். நடத்துன ஆளே உள்ளுக்குள்ள மறச்சு மறச்சு கேமரா வச்சிருக்கான். ஒரு புள்ள தலமுடி காய வைக்கிற மிஷின பிளக் பாயிண்டுல சொருகப் போயிருக்கா, உள்ள ஏற மாட்டேங்குது. என்னடான்னு பாத்தா ஓட்டைக்குள்ள கேமரா. அப்புறம் போலீஸு வந்து ஆளப் புடிச்சுட்டுப் போச்சு. அந்தப் புள்ளைகளப் பெத்தவுக ரூம் பாக்கப் போனப்ப அவன் காப்பி வாங்கிக் கொடுத்து எம்புட்டு மரியாதையாப் பேசியிருப்பான், நெனச்சுப் பாரு. "நம்ம வீட்டுப் புள்ள மாதிரி சார்"னு சொல்லாத ஹாஸ்டல்காரன நான் இன்னும் கேள்விப்படல.

லேடீஸ் ஹாஸ்டல் நடத்தணும்னா கலெக்டர்ட்ட பதிவு பண்ணி லைசென்ஸ் வாங்கணும்னு 2014-லயே தமிழ்நாட்டுல சட்டம் போட்டாச்சு. ஆதம்பாக்கத்து விவகாரம் நாறுன பெறகுதான் சென்னையில "எல்லாரும் பதிவு பண்ணுங்க"ன்னு கெடு வச்சாக. லைசென்ஸ் இருக்கான்னு கேட்டியா? கூச்சமா இருந்துச்சா? வைஃபை ஸ்பீடு எவ்வளவுன்னு கேக்கக் கூச்சமில்ல, சாப்பாட்டுல வாரம் எத்தன நாளு கோழின்னு கேக்கக் கூச்சமில்ல, லைசென்ஸக் கேக்க மட்டும் கூச்சம். ராத்திரி வார்டன் அங்கனயே தங்குதா, இல்ல எட்டு மணிக்கு வீட்டுக்குப் போயிருதா, அதையாவது கேட்டியா? காலி பண்ணும்போது அட்வான்ஸுல எம்புட்டுப் புடிப்பான்னு கேட்டியா? மெயின்டனன்ஸுன்னு சொல்லி ஒரு மாச வாடகைய அமுக்கிருவான். அதுக்குப் பயந்தே புள்ளைக புடிக்காத எடத்துலயும் பல்லக் கடிச்சுட்டுக் கெடக்கும். சேரும்போதே எழுதி வாங்கிக்க. புள்ள பெட்டியில ஊறுகா பாட்டிலோட ஒரு டெஸ்டரும் ஸ்குரூ டிரைவரும் போட்டுவிடு. இஞ்சினீயரு ஆகப் போறவதானே, பிளக் பாயிண்டுல இருந்தே தொடங்கட்டும்.

அடுத்து தண்ணி. நீ திருடன் வருவானான்னு கேக்க. நான் தண்ணி வருமான்னு கேக்கேன். பட்டணத்துல ராத்திரியோட ராத்திரியா சொல்லாம வீட்டுக்குள்ள வாரது அதுதான். 2015 டிசம்பர் தொடக்கத்துல செம்பரம்பாக்கம் தண்ணியும் மழையும் சேந்து அடையாறு பொங்குச்சே, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் முங்குச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு வேளச்சேரி, பள்ளிக்கரணை. அந்த மாசமே நம்ம பக்கமும் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, அதனால பட்டணத்தான மட்டும் நான் இளப்பமாப் பேசல. ஆனா கண்மாய்க்குள்ள வீடு கட்டுனா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும், அவுகளுக்கு மறந்து போச்சு. நீ பாத்த ஹாஸ்டலு வேளச்சேரிப் பக்கம், அதுவும் தரைத்தளம். வாடகை ஆயிரம் ரூவா கம்மின்னு சந்தோசப்பட்டுட்டு வந்த பாரு, அந்த ஆயிரம் எதுக்குக் கம்மின்னு ஒரு வார்த்த கேக்கலியே!

வீட்டுக்காரன்ட்ட கேக்காத, "எங்க தெருவுல மட்டும் தண்ணியே நிக்காது சார்"ம்பான். ஒவ்வொரு தெருக்காரனும் அப்படித்தான் சொல்லுவான். நீயே போயிப் பாரு. ரோடு மேல மேல போட்டு உசந்து, வாசப்படி உள்வாங்கிக் கெடக்கா? மதில்ல இடுப்பளவுக்குப் பழுப்பா ஒரு கோடு ஓடுதா? கரண்டு மீட்டர் பெட்டிய அண்ணாந்து பாக்குற உயரத்துக்கு ஏத்தி வச்சிருக்கானா? அந்தப் பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. மாடி ரூமு கேளு. வாடகை கூடன்னா நீ பிளக்ஸுக்குக் கொடுத்த காச அதுல போடு.

பகல் பன்னெண்டு மணிக்குப் போனா எல்லா ஏரியாவும் நல்ல ஏரியாதான் மாப்ள. ராத்திரி ஒம்பதுக்குப் போ. ஞாயித்துக்கிழம வேண்டாம், வேலநாள்ல போ. காருல போயி வாசல்ல எறங்காத. அவ தெனமும் எதுல வருவாளோ அதுல வா, அங்கன எறங்கி நட. பறக்கும் ரயில் ஸ்டேஷனுக பெருசு பெருசாக் கட்டிப் போட்டிருக்கு, சிலதுல பொழுது சாஞ்சா ஆள் நடமாட்டமே கெடையாது. அதே தூரத்துக்குக் கூட்டமா வார பஸ்ஸு இருந்தா அது மேலு. சாதாரண பஸ்ஸுல 2021-ல இருந்து பொம்பளப் புள்ளைகளுக்கு டிக்கெட்டுக்குக் காசும் கெடையாது. அரமணி நேரம் கூட ஆகும், ஆகட்டும்.

பஸ் ஸ்டாப்புல எறங்கி ஹாஸ்டல் வாசல் வரைக்கும் நடக்கும்போது வெளக்க மட்டும் பாக்காத. யார் யாரு முழிச்சிருக்காகன்னு பாரு. இஸ்திரி வண்டிக்காரர் நிக்காரா? பூக்காரம்மா கடைய எடுத்து வைக்காளா? மாவுப் பாக்கெட்டு விக்கிற பெட்டிக்கடை, டீக்கடை, மெடிக்கல் ஷாப்பு தெறந்திருக்கா? இவுக இருக்குற தெருவுல எவனாவது ஒரு புள்ள பின்னாலயே ரெண்டு நாளு வந்தா, மூணாம் நாளு "யாருப்பா நீ?"ன்னு ஒரு குரல் வரும். பெரிய மனுசங்க மட்டும் குடியிருக்குற தெருவு ஒண்ண அவளக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனியாமே, மரம் மரமா, அமைதியா, ரெண்டு பக்கமும் ஆறடி மதிலு. எனக்கு அந்தத் தெருதான் பயமா இருக்கு. கத்துனா நாய்தான் எட்டிப் பாக்கும். அந்த இஸ்திரிக்காரர்ட்ட ரெண்டு சட்டையக் கொடுத்துத் தேய்ச்சு வாங்கு. அந்த ஹாஸ்டலப் பத்தி வார்டன் சொல்லாதத அவரு சொல்லுவாரு, எட்டு மணிக்குள்ள எந்தப் புள்ள வரும், எவன் வண்டிய வாசல்லயே நிப்பாட்டிக்கிட்டு நிப்பான், தண்ணி லாரி எப்ப வரும்னு.

"அதெல்லாம் எதுக்கு மாமா, காலேஜ் ஹாஸ்டல்லயே சேத்துட்டா? கேட்டுக்கு உள்ள பத்திரம்லா?"ங்க. கெடச்சாச் சேரு, பக்கம், செலவும் கம்மி. 1794-ல சர்வே படிக்கத் தொடங்குன பள்ளிக்கூடம் வளந்து வளந்து அந்தக் காலேஜு ஆயிருக்கு, பெருமதான். ஆனா கேட்டப் பாத்து அசந்துராத. 2024 டிசம்பர்ல அந்த வளாகத்துக்கு உள்ளயே ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமைய நீயும் பேப்பர்ல படிச்ச. அதுல வெளையாட்டுப் பேச்சு பேச எனக்கு மனசு வரல. அந்தப் புள்ள துணிஞ்சு புகார் கொடுத்துச்சு. கொடுத்த புகாரு வெளிய கசிஞ்சு, அதுக்கு வேற அந்தப் புள்ள அவதிப்பட்டுச்சு. ஹைகோர்ட்டு பொம்பள ஐபிஎஸ் ஆபீசருகள வச்சு விசாரிக்கச் சொல்லுச்சு, 2025-ல அந்தக் கொடும பண்ணுனவனுக்கு ஆயுள் தண்டனை ஆச்சு, முப்பது வருசம் வெளியவே விடக் கூடாதுன்னு. வெளி ஆளு, கேட்டு இருந்தும் உள்ள வந்தவன். அந்தச் சமயத்துல ஊருல நாலு பேரு கூடி, "அந்த நேரத்துல அங்க எதுக்குப் போச்சு அந்தப் புள்ள?"ன்னு பேசுனாகளே, ஞாபகம் இருக்கா? அந்தக் கூட்டத்துல நீயும் தலையாட்டிட்டு இருந்த. உம்மக காப்பி டம்ளரோட நெலப்படியில நின்னுட்டிருந்தா. நான் பாத்தேன், நீ பாக்கல.

அங்கனதான் மாப்ள இருக்கு விசயமே. நாளைக்கு எவனாவது அவள மெரட்டுனா, ஹாஸ்டல்ல ஏதாவது கோளாறுன்னா, போன எடுத்து உனக்கு அடிப்பாளா? அடிக்க மாட்டா. ஏன்னு கேளு. "படிச்சது போதும், பெட்டியக் கட்டு"ன்னு நீ அடுத்த பஸ்ஸுல வந்து நிப்பேன்னு அவளுக்குத் தெரியும். மெரட்டுற பயலுக்கும் அதுதான் தெரியும், "உங்க அப்பாட்ட சொல்லவா?"ங்கிற ஒரே வார்த்தைய வச்சுத்தான் அவன் பொழப்பே ஓடுது. பிளக் பாயிண்டுல வச்ச கேமராவ விட அந்தப் பயம் பெரிய ஓட்டை. அதனால ரயிலேறுறதுக்கு முந்தி அவள உக்கார வச்சு, "என்ன நடந்தாலும் சொல்லு, உன் படிப்ப நிறுத்த மாட்டேன்"னு சொல்லு. அவ அம்மா முன்னால சொல்லு, சாட்சி வேணும். பேச்சு மாறுறது நம்ம பரம்பரைக்குப் புதுசில்ல. 181, 112 ரெண்டையும் போன்ல ஏத்திக் கொடு. ஏத்திட்டு, ஒன்னோட வாய மூடிக்க. தெனம் ராத்திரி வீடியோ கால் போட்டு ரூமச் சுத்திக் காட்டச் சொல்லாத. அங்கன இன்னும் மூணு பேரு வீட்டுப் புள்ளைக துணி மாத்திட்டு இருக்கும்.

உன் மூத்தவனக் கோயமுத்தூருல சேத்தியே, அப்ப என்ன கேட்ட? மெஸ்ஸுல சாப்பாடு நல்லாருக்கான்னு கேட்ட, பஸ்ஸேத்திவிட்ட, முடிஞ்சுது சோலி. ஆம்பளப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எந்தச் சித்தரு சொன்னாரு? 1996-ல சிதம்பரத்துல ராகிங்குல செத்துப்போன நாவரசு ஆம்பளப் புள்ளதான், துணைவேந்தர் வீட்டுப் புள்ள. அதுக்கப்புறந்தான் 1997-ல ராகிங் தடைச் சட்டமே வந்துச்சு. வருசா வருசம் நீயும் உன் மவனும் ராகிங் பண்ண மாட்டோம்னு ஒரு உறுதிமொழி கொடுக்கீகளே, அத ஒரு நாளாவது படிச்சிருக்கியா? இப்ப அவன் வெளிய வீடு எடுக்கப் போறானாம். சட்டம் அட்வான்ஸு மூணு மாச வாடகைங்குது, அவன் சேத்தாளி ஒருத்தன் சென்னையில பத்து மாசம் அழுதிருக்கான். அவனுக்கும் அதே டெஸ்டரு, அதே ராத்திரி ஒம்பது மணி, அதே கேள்வி. அவன் அழுதா உங்கிட்டச் சொல்லுவானான்னு யோசி. ஆம்பள அழக் கூடாதுன்னு அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீதான்.

மொகம் எதுக்குச் சுண்டுது? காப்பியக் குடி, ஆறிட்டுருக்கு.

கடசியா ஒண்ணு. பேத்தி போன்ல எம் பேரையும் ஏத்தி வையி. உங்கிட்டச் சொல்லப் பயந்தா எங்கிட்டச் சொல்லட்டும். நான் உங்கிட்டச் சொல்ல மாட்டேன். எங்கிட்டக் கேட்டு நீ எம்புட்டுக் கெஞ்சுனாலும் சொல்ல மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். பொதிகையிலதானே போறீக? எனக்கும் ஒரு டிக்கெட்டு போடு, லோயர் பெர்த்து. ராத்திரி ஒம்பது மணிக்குத் தெருவுல நிக்கிறதுக்கு உன்ன அனுப்புனா நீ மறுபடியும் டைல்ஸத்தான் பாத்துட்டு வருவ.