புதுச் சேவலுக்கு 21 நாள்

கேள்வி: சந்தையில் நல்ல சேவல் ஒன்று கிடைத்தது. வீட்டில் ஆறு பெட்டைகள். இன்றைக்கே அவிழ்த்து விடலாமா?
(வாசகி, ஒரத்தநாடு)

பதில்: வேண்டவே வேண்டாம். 21 நாள் பொறுங்கள். அடைமுட்டை பொரிக்க ஆகும் அதே கணக்கு, மறக்காது. சண்டைக்குப் பயந்து சொல்லவில்லை, வெள்ளைக்கழிச்சலுக்குப் பயந்து சொல்கிறேன். சந்தையில் பல ஊர்க் கோழிகள் ஒரே கூடையில் கிடக்கும். கிருமி ஏறிய பிறகும் சில நாள் சேவல் நன்றாகவே மேயும், கூவும். நோய் பதுங்கியிருக்கும் காலத்தை உலக விலங்கு சுகாதார அமைப்பு 21 நாள் என்று வைத்திருப்பது அதனால்தான். கொல்லையின் மறுகோடியில் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து வையுங்கள். தீனிக்கும் தண்ணீருக்கும் தனிச் சட்டி. முதலில் பெட்டைகளுக்குத் தீனி, கடைசியில் சேவலுக்கு, பிறகு கைகால் கழுவிவிடுங்கள். தினமும் காலையில் எச்சத்தைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு இழுத்தாலோ, கழுத்து முறுக்கிக்கொண்டாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் ஊரில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இறக்கையடியில் இறகை விலக்கிப் பேன், செள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டை இடாதாமே?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: தாராளமாக இடும். குஞ்சுதான் வராது.

கேள்வி: பழைய சேவலும் இருக்கிறது. இரண்டும் அடித்துக்கொள்ளுமா?
(வாசகர், பாபநாசம்)

பதில்: அடித்துக்கொள்ளும். யார் பெரியவர் என்று முடிவாகும்வரை விடாது. கோழிக்கூட்டத்தில் இப்படி ஒரு கொத்தும் வரிசை இருப்பதை நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே நூறாண்டுக்கு முன்பே எழுதிவைத்தார். 21 நாள் கழிந்ததும் பஞ்சாரத்தைக் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து வையுங்கள். சில நாள் ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும். பிறகு அந்தி சாய்ந்து கோழிகள் அடைந்ததும் உள்ளே விடுங்கள். கொண்டையில் ரத்தம் கண்டால் உடனே பிரியுங்கள், ரத்தத்தைக் கண்ட கோழி மீண்டும் மீண்டும் அங்கேயே கொத்தும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அதற்குக் குறைந்த பெட்டைகளிடம் இரண்டு சேவலை விட்டால் மிதிபட்டு மிதிபட்டு முதுகு மொட்டையாகிவிடும். பாவம், அவற்றுக்காகவாவது ஒன்றை விற்றுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சேவல் திடமாக இருக்கிறது. எதற்கு மாற்றவேண்டும்?
(வாசகி, திருவையாறு)

பதில்: போன வருஷம் பொரித்த பெட்டைகள் அதன் சொந்த மகள்கள் அல்லவா? ரத்த உறவில் சேர்ந்தால் பொரிப்புக் குறையும், குஞ்சு சவலையாகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது வேறு ஊர்ச் சேவல் வரவேண்டும். மாற்றியதும் அடை வைத்துவிடாதீர்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம்வரை தங்கியிருக்கும்.

கேள்வி: புதுச் சேவல் விடியலில் வாயே திறப்பதில்லை. நோயா?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: பழைய சேவல் கூவிய பிறகு கூவுகிறதா, கவனியுங்கள். வரிசையில் மூத்த சேவல்தான் முதலில் கூவும், மற்றவை காத்திருக்கும் என்று நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் கண்டறிந்தார்கள். தீனி எடுத்தால் கவலை வேண்டாம்.

கேள்வி: தடுப்பூசி எப்போது?
(வாசகி, திருவாரூர்)

பதில்: வெயில் ஏறுமுன்பே. சம்பா அறுத்த வயலில் சிந்திய நெல்லுக்கு ஊர்க்கோழி எல்லாம் ஒன்றுகூடும், நோயும் அங்கேதான் கைமாறும். கால்நடை பராமரிப்புத் துறையின் இலவசக் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாம் வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும். எட்டு வாரம் தாண்டிய அத்தனை கோழிகளையும் விடியுமுன் பஞ்சாரத்தில் அடைத்துவையுங்கள். வயலுக்குப் போய்விட்டால் பிடிக்க முடியாது.