சுண்ணாம்புக் கோடு

எண்பதுகளில் கோவை கணபதியில் அப்பா லேத் பட்டறை கட்டியபோது வரைபடம் என்று ஒரு தாள்கூடக் கிடையாது. மேஸ்திரி காலி மனையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். முதலில் போட்டது லேத்துக்கு. "ஏனுங்க, நீளக் கம்பி மாட்டுனா ஹெட்ஸ்டாக்குக்குப் பின்னாடி எத்தனை அடி நீட்டும்?" என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டார். லேத்துகளைச் சுவரை ஒட்டி நேராக நிறுத்தாமல் சற்றுக் கோணமாக நிறுத்தக் கோடு இழுத்தார். சுழலும் கம்பி நடைபாதையில் நீட்டாமல் இருக்க அதுதான் வழி. லாரி பின்வாங்கும் இடம், இரும்புச் சீவல் குவிக்கும் மூலை எல்லாம் முடிவான பிறகே சுவருக்கு நூல் பிடித்தார்கள்.

கூரைக்கு மங்களூர் ஓடு, நடுநடுவே கண்ணாடி ஓடு. வடக்குச் சுவரில் உயரத்தில் ஜன்னல் வரிசை. அந்த வெளிச்சம் கண்ணைக் கூசாது. மைக்ரோமீட்டர் கோடு பளிச்சென்று தெரியும். சித்திரை பின்பாதியிலிருந்து ஆடி வரை சூரியன் நமக்கு வடக்கே போவதால் ஜன்னலுக்கு மேலே சின்ன சன்ஷேடும் வைத்தார் மேஸ்திரி. வயரிங் செய்தவர் டியூப்லைட்டுகளை மூன்று பேஸுக்கும் பிரித்துப் போட்டார். ஒரே பேஸில் போட்டால் அந்த மினுக்கலில் சுழலும் சக் நிற்பதுபோலத் தோன்றும். நின்றுவிட்டதென்று கை வைத்தால் விரல் போகும்.

பின்னாளில் ஷெட்களுக்குத் திட்டம் போடுவதே என் தொழிலானது. இப்போது குழி தோண்டும் முன்பே முழுக் கட்டடத்தையும் போனில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். ஷட்டரின் நிறம்கூடத் தெரிகிறது. தூணும் ட்ரஸ்ஸும் வேறெங்கோ தயாராகி வந்து போல்ட் முடுக்கி எழும்பும் வேகம் இன்றும் எனக்கு வியப்புதான்.

ஆனால், அண்மையில் ஊருக்கு வெளியே நண்பர் ஒருவர் கட்டி முடித்துவிட்டுச் சில மாற்றங்களுக்காக என்னை அழைத்த ஷெட்டின் வரைபடங்களில், எந்திரம் நிற்குமிடத்தில் வெறும் வெள்ளைச் செவ்வகம் இருந்தது. தளம் போட்ட பிறகு கேபிளுக்காக அதை வெட்டியிருந்தார்கள். கிரேன் ஓட வேண்டுமென்றார் நண்பர். கிரேன் பீமைத் தாங்கும் பிராக்கெட் எந்தத் தூணிலும் இல்லை, அந்தச் சுமைக்கு அஸ்திவாரமும் கணக்கிடப்படவில்லை. கூரை உயரமாக இருப்பதால் ஆட்களுக்கு இடம் தாராளம் என்று அவர் நம்பினார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆளுக்கு 14.2 கன மீட்டர் கேட்டது, 4.2 மீட்டருக்கு மேலுள்ள வெளியை அந்தக் கணக்கில் அது சேர்க்கவே இல்லை. தகரக் கூரையின் அனல் தாங்காமல், வெளிச்சமும் போதாமல், ஆட்கள் லேத்துகளை ஷட்டர் ஓரத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். அந்த லேத்துகளைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வரைபடத்தை லேத்காரர்களிடம் முன்பே காட்டியிருந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் தெரிந்திருக்கும்.

இப்போது எந்த ஷெட் வந்தாலும் உரிமையாளரோடு லேத்காரர், பிட்டர், லாரி டிரைவர் மூவரையும் வெறும் மனைக்கு வரச் சொல்கிறேன். கம்ப்ரசரைச் சுவருக்கு வெளியே தள்ளச் சொன்னவர் ஒரு பிட்டர்தான். சூடும் சத்தமும் உள்ளே வரக்கூடாது என்றார். கேட் அகலத்தை மாற்ற வைத்தவர் டிரைவர். இவ்வளவும் தாளில் இருக்கும்போதே நடக்கிறது, தூண் எழும்பும் முன்பே.