வாசலைத் தெறந்து வெச்சியா கண்ணு?

இன்னா கண்ணு, நடுராத்திரில லைட்டு எரியுது? ரவுட்டரோட மல்லுக்கட்டறியா? ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டுல. வூடு திருமுல்லைவாயல்ல. பட்டரவாக்கத்துல ட்ரெயின் ஏறுனா அம்பத்தூர், அடுத்தது நம்மூரு. அவ்ளோதான் தூரம். ஆனா ஆபீஸ்ல குந்திக்கினே நம்ம கேட்டுல எந்த நாய் படுத்திருக்குதுன்னு பாக்கணும் உனக்கு. அதுக்குப் போர்ட் ஃபார்வர்டிங்காம். செய்யி, நானா வேணாங்கறேன்?

192.168.1.1 தட்டுன. கேமராப் பொட்டி டிவிஆருக்குப் போர்ட் 8000னு போட்டு சேவ் பண்ண. செல்லுல வைஃபையை அணைச்சுட்டுப் பாத்தா ஒண்ணும் வரல. ரவுட்டரை அணைச்சு அணைச்சுப் போட்டா வந்துருமா? அதே பக்கத்துல வேன் ஐபின்னு ஒண்ணு இருக்கும், அதைப் பாத்தியா? 100.64ல ஆரம்பிச்சு 100.127க்குள்ள இருந்தா அது உனக்குன்னு குடுத்த அட்ரஸே இல்லடா. இந்தப் பழைய வகை ஐபி அட்ரஸ் ஒலகத்துக்கே சுமார் 430 கோடிதான். நம்ம ஆசியாப் பக்கம் 2011லயே கையிருப்பு கரைஞ்சு, ரேஷன் மாதிரி அளந்து குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்த வருசம், நெட்டு கம்பெனிங்க உள்ளுக்குள்ள பொழங்கிக்கட்டும்னு இந்த 100.64ஐ ஒதுக்குனாங்க. வெளிய பாத்தா நீயும் எதிர்வூட்டுக்காரனும் எல்லாரும் ஒரே நம்பர். வெளிய இருந்து வர்றது கம்பெனி வாசல்லயே நின்னுடும். உன் ரவுட்டர் வரைக்கும் வந்தாத்தானே நீ திருப்பி வுடறதுக்கு?

சரி, கம்பெனிக்காரன் தனி அட்ரஸே குடுத்துட்டான்னு வெச்சிக்க. அப்பால நீ மட்டுமா வருவ?

2016ல மிராய்னு ஒரு திருட்டு புரோகிராம் கெளம்புச்சு. எழுதுனவங்க அமெரிக்காவுல மீசை மொளைச்ச பசங்க. மாய மந்திரம் ஒண்ணுமில்ல. கேமரா கம்பெனிங்க போட்டனுப்புன பாஸ்வேர்டு 60 சொச்சத்தைக் கையில வெச்சிக்கினு, ஒலகம் பூரா கேமராவையும் டிவிஆரையும் தட்டிப் பாத்துச்சு. தெறந்துக்கிச்சு! அந்த அக்டோபர் 21ம் தேதி, அப்பிடிப் புடிபட்ட பொட்டிங்கதான் டைனுங்கற கம்பெனியைச் சாய்ச்சுது. அதை நம்பிக்கினு இருந்த ட்விட்டரு, நெட்ஃபிளிக்ஸு எல்லாம் படுத்துடுச்சு. திருடனைப் புடிக்க மாட்டுன கேமரா, பாத்தியா அது செஞ்ச வேலையை?

ஏ.கே.விஸ்வநாதன் நம்ம சென்னைக்குக் கமிஷனரா இருந்தப்போ 'மூன்றாவது கண்'ணுன்னு போலீசே சொல்லி ஊரு பூரா கேமரா மாட்டுனாங்க. நல்ல காரியம். மாட்டுனவன்ல எத்தினி பேரு பாஸ்வேர்டை மாத்துனான்? நீ மாத்துனியா? ஏன் தலையைச் சொறியற?

போர்ட் தெறக்காம இன்னொரு வழி இருக்குது. டிவிஆர் மேல கியூஆர் ஒண்ணு ஒட்டியிருக்குமே, அதை டிவிஆர் கம்பெனி ஆப்புல காட்டு. பொட்டியே வெளிய போயி அந்தக் கம்பெனி சர்வரைக் கூப்புடும். நீ எதையும் தெறக்க வேணாம். அதுல இன்னா கெத்து இருக்குதுங்கறியா? இல்ல, நம்ம வாசலு அவன் சர்வர் வழியாப் போவுதேன்னு ரோசமா? ரோசம் நியாயந்தான். அப்ப நெட்டு கம்பெனிக்குப் போன் போட்டு, தனி அட்ரஸுக்கு, அதான் ஸ்டாட்டிக் ஐபிக்கு, மாசம் எவ்ளோன்னு கேளு. கேட்டுட்டு எங்கிட்ட வா. நான் எப்பிடியும் நாளெல்லாம் இந்தத் திண்ணையிலதான் குந்தினு இருக்கேன், அந்த நாயையும் பாத்துக்கினு. எனக்கு ஒரு டீ போதும்.