திறப்புக்காரர்

பண்ணைத் தாம்போதியைத் தாண்டி வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பக்கம் வாடகை வீடு தேடிப் போகிறவர் வீட்டுக்காரரைச் சந்திக்க முடியாது. வீட்டுக்காரர் பாரிஸில் இருப்பார், ஸ்காபரோவில் இருப்பார், சூரிச்சில் இருப்பார். சந்திக்கக்கூடியவர் திறப்புக்காரர் மட்டுந்தான்.

வயது அறுபத்தைந்துக்கு மேல். இடுப்பில் சாரம். மேலே யாரோ வெளிநாட்டிலிருந்து வந்து போகும்போது விட்டுவிட்டுப் போன ரீ-சேட். நெஞ்சில் கனடா ஹொக்கி அணியின் படம். ஹொக்கி பனிக்கட்டியில் விளையாடுவது என்று சொன்னால் நம்பமாட்டார். இடுப்பில் ஒரு திறப்புக்கோர்வை. அவர் ஒழுங்கைக்குள் திரும்புவதற்கு முன்னமே அவருடைய சத்தம் திரும்பிவிடும்.

ஒவ்வொரு திறப்பிலும் ஒரு துண்டு பிளாஸ்ரர் ஒட்டி, பேனையால் ஊர்ப்பெயர் எழுதியிருப்பார். வீட்டுக்காரரின் பெயரை அவர் சொல்வதே இல்லை. "ஸ்காபரோவில கூரை ஒழுகுது. சூரிச்சில மாங்காய் எல்லாம் வௌவால் தின்னுது. பாரிஸ் கிணத்துக்கை பூனை விழுந்து செத்துப் போச்சு" என்று அவர் தேத்தண்ணிக் கடையில் சொல்லக் கேட்கிற புது ஆள், மனிதர் வெளிவிவகார அமைச்சில் வேலை செய்து ஓய்வுபெற்றவர் என்றே நினைப்பார். உண்மையில் பாரிஸுக்கும் ஸ்காபரோவுக்கும் நடுவே ஒரு கிடுகுவேலிதான். அதிலும் ஒரு பொட்டு. அவருடைய ஆடு விசா இல்லாமல் போய்வரும்.

இவ்வளவு திறப்பும் ஒருவர் இடுப்பில் வந்து தொங்கியதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். 1990, 91இல் இராணுவம் தீவுகளுக்குள் இறங்கியபோது சனம் பெட்டி படுக்கையோடு யாழ்ப்பாணப் பக்கம் ஓடியது. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணமும் எழும்பி ஓடியது. ஓடியவர்களில் கடல் தாண்டக் கூடியவர்கள் தாண்டினார்கள். யுத்தம் முடிந்த பிறகு காசு திரும்பி வந்தது, ஆட்கள் வரவில்லை. காசு வந்து வீடு கட்டியது. ஆறு அறை, மேல்மாடி, மாபிள், வாசலில் இரண்டு சிங்கம். எழுப்பியவர் கனடாவில் நிலக்கீழ் அறை ஒன்றில் வாடகைக்கு இருந்துகொண்டு எழுப்பியிருப்பார். வருடத்தில் மூன்று கிழமை அந்தச் சிங்கங்களைப் பார்க்க வருவார். மற்ற நாட்களில் சிங்கங்களைப் பார்ப்பவர் திறப்புக்காரர்.

தீவகக் கல்வி வலயத்துக்கு இடமாற்றம் கிடைத்த ஆசிரியர், வங்கிக்கு வந்த உத்தியோகத்தர், ஆஸ்பத்திரித் தாதி, கிராம அலுவலர் எல்லோரும் யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து விடியற்காலை 776ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் பல்கலைக்கழக மாணவர்களோடு போட்டிபோட்டு வாடகை கட்டிக் களைத்துப்போய், வேலை செய்கிற இடத்திலேயே ஒரு வீடு எடுத்தால் என்ன என்று ஒருநாள் யோசிப்பார்கள். வழியெல்லாம் ஆளில்லாத வீடுகளைப் பார்த்துக்கொண்டு வருகிறவருக்கு இந்த யோசனை வருவது இயல்பு. அதன் பிறகு திறப்புக்காரரின் நேர்முகப் பரீட்சை. வந்திருப்பவர் ஒரு மாஸ்ரர்.

"தம்பி எவடம்?"

"கரவெட்டி, ஐயா."

"கரவெட்டியில எவடம்?"

மாஸ்ரர் சொல்வார்.

"அங்கை உங்கட கோயில் எது?"

யாழ்ப்பாணத்தில் கோயிலை விசாரிப்பவர் சாமியை விசாரிக்கவில்லை என்பது கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். நேரே கேட்க வெட்கம், கேளாமல் விட மனமில்லை. முப்பது வருட யுத்தம் கூரைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு போனது. இந்தக் கேள்வியை மட்டும் பத்திரமாக விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

"கலியாணம்?"

"முடிச்சிட்டன். ரெண்டு பிள்ளையள்."

"பிள்ளையள் சுவரில கீறுங்கள்."

"அப்ப நான் மட்டும் வந்து இருக்கிறன்."

"தனி ஆம்பிளை எண்டால் பெடியள் வந்து கூடுங்கள்."

பரீட்சையில் எந்த விடைக்கும் புள்ளி இல்லை என்பதை மாஸ்ரர், கணித ஆசிரியராக இருந்தும், இந்த இடத்தில்தான் கண்டுபிடிப்பார்.

"மச்சம் சாப்பிடுவியளோ?"

"ஓம்."

"வடிவாச் சாப்பிடுங்கோ. ஆனா குசினிக்கை வேண்டாம். பின்பக்கம் ஒரு பத்தி இருக்கு."

நாலு பக்கமும் கடல். காலையில் கரைக்குப் போனால் மீன் துள்ளத் துள்ளக் கிடைக்கும். அந்த மீனைக் குசினிக்குள் கொண்டுபோகக் கூடாது.

வீடு காட்டுவது ஒரு திருவிழா. ஆமைப்பூட்டுத் திறக்கும், கதவு திறக்கும், உள்ளே பிளாஸ்ரிக் உறை கழற்றாத சோபா, உறை கழற்றாத தொலைக்காட்சி, உறை கழற்றாத குளிர்சாதனப் பெட்டி. மாஸ்ரரின் முகம் மலரும். "இது ஹோல். இது பூட்டியிருக்கும்" என்பார் திறப்புக்காரர். அடுத்தது பெரிய அறை, அதுவும் பூட்டியிருக்கும். சாமியறை வெள்ளிக்கிழமையில் அவர் வந்து விளக்கேற்றத் திறக்கும். குளியலறையின் சாமான் எல்லாம் வீட்டுக்காரர் கொண்டெயினரில் அனுப்பியவை. பார்க்கலாம், இருக்கக் கூடாது. வாடகைக்கு இருப்பது பின்பக்கத்து இரண்டு அறையும், வெளிக் கக்கூசும், பத்தியும், கிணறும்.

"கிணறு கோடையில வத்தாதோ, ஐயா?"

"எந்தக் கோடைக்கும் வத்தாது."

இதில் பொய் ஒரு துளிகூட இல்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்தால் ஏன் வற்றாது என்பது தெரியும். கடல் வற்றினால் அந்தக் கிணறும் வற்றும்.

"நல்ல தண்ணிக்கு?"

"பவுசர் வரும்."

"எப்ப வரும்?"

"வரும்."

ஒரு வருட வாடகை முற்பணம். இரசீது கிடையாது, எழுத்தும் கிடையாது. இதில் அவர் சட்டத்தரணிகளை விடக் கவனமானவர். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுதினால்தான் செல்லும் என்பது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். எழுதாவிட்டால் மாதாந்த வாடகை. "மாசத்துக்கு மாசம் எண்டால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்பார். மாஸ்ரருக்கு அதில் என்ன நல்லது என்று விளக்கியதை யாரும் கேட்டதில்லை.

எழுத்துக்கு இவ்வளவு பயம் வந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. தீவார் கொழும்பிலும் சிங்கள ஊர்களிலும் கடை நடத்தி வாழ்ந்தவர்கள். அதில் பாதிக்கடை வாடகைக்கடை. 1972ஆம் ஆண்டு 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வந்து வாடகைக்காரரை எழுப்புவதைக் கடினமாக்கியபோது, கொழும்பில் அந்தச் சட்டத்தின் நிழலில் சுகமாக இருந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. வாடகைக்கு இருப்பவன் என்னென்ன செய்வான் என்று அவர்களுக்குக் கேள்விஞானம் தேவையில்லை.

போதாததற்குப் பத்து வருட ஆட்சியுரிமைக் கதை. 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, சொந்தக்காரருக்கு எதிராகப் பத்து வருடம் இடைவிடாமல் ஆண்டவர் காணிக்கு உரிமை கேட்கலாம். வாடகை கட்டிக்கொண்டு இருப்பவருக்கு அது பொருந்தாது என்று எந்த அப்புக்காத்தும் சொல்வார். திறப்புக்காரர் அப்புக்காத்துமாரை நம்புவதில்லை. 1983 மே முதல் 2009 மே வரை யுத்தத்தால் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கிலெடுக்கக் கூடாதென்று 2016இல் ஒரு விசேட சட்டமும் வந்தது. அதைச் சொன்னேன். "அது போன சண்டைக்குத் தம்பி" என்றார்.

வாடகையை நிர்ணயிப்பதும் அவர்தான் என்று நினைக்க வேண்டாம். நிர்ணயிப்பது டொலர். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. ஆயிரம் சொச்சத்துக்கு வாங்கிய சீமெந்துப் பை மூவாயிரம் பக்கம் போனது. அந்த மாதம் வாடகையும் ஏறியது. "டொலர் ஏறியிட்டுது, தம்பி." அடுத்த வருடம் டொலர் இறங்கிவந்து 300க்கும் 330க்கும் இடையில் நின்றது. மாஸ்ரர் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். திறப்புக்காரர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். "இது அமெரிக்க டொலர். எங்கட ஆள் கனடா" என்றார்.

வீட்டுக்காரர்களைச் சும்மா சொல்லக்கூடாது. சுவிஸில் சனத்தில் பாதிக்கு மேல் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். வாடகைக்காரருக்கென்று சங்கமே உண்டு. நம்முடைய சூரிச்காரர் அங்கே வாடகை முப்பது பிராங் கூடினால் சங்கத்துக்குக் கடிதம் எழுதுகிறவர். ஏன் கூடியது, எந்தப் பிரிவின் கீழ் கூடியது என்று ஜேர்மன் மொழியில் கேட்கத் தெரிந்தவர். அவரே வட்ஸ்அப்பில் திறப்புக்காரருக்குக் குரல்பதிவு அனுப்புவார்: "மாஸ்ரரட்டைச் சொல்லுங்கோ, விருப்பமெண்டால் இருக்கட்டும்."

இப்போது கமரா வேறு வந்துவிட்டது. இங்கே காலை ஏழு மணி, ரொறன்ரோவில் முதல்நாள் இரவு ஒன்பதரை. சாப்பிட்டு முடித்த வீட்டுக்காரர் தொலைபேசியில் தன்னுடைய முற்றத்தைப் பார்ப்பார். மாஸ்ரரின் மனைவி சனி ஞாயிறு வந்து நின்று, கொடியில் உடுப்புக் காயப்போட்டால், அரைமணிக்குள் திறப்புக்காரர் சைக்கிளில் வந்து நிற்பார். "பிள்ளை, உந்தச் சீலையை அங்கால போடுங்கோ. சிங்கத்தை மறைக்குதாம்."

நயினாதீவிலும் இவருடைய சகபாடி ஒருவர் இருக்கிறார். அங்கே சட்டம் இன்னும் சுருக்கம். ஆனியில் நாகபூசணி அம்மனுக்குக் கொடி ஏறினால் குடி இறங்கும். குறிகட்டுவானிலிருந்து படகு படகாக வந்து இறங்கும் வெளிநாட்டுச் சனத்துக்கு அறை வேண்டும். வங்கிப் பெடியன் தன்னுடைய பாயைச் சுருட்டிக்கொண்டு நண்பன் வீட்டுத் திண்ணைக்குப் போவான். அந்த மாத வாடகை குறையாது. "உங்கட சாமான் உள்ளுக்கைதானே கிடக்குது. அதுக்கு வாடகை வேண்டாமோ?"

நெடுந்தீவு வேறு விதம். அங்கே முருகைக்கல் சுவர் நிற்கும், கூரை இராது. பூட்டுப் போடக் கதவும் இராது. கூரை உள்ளவற்றில் சில, குதிரையும் பெருக்கமரமும் பார்க்க வருகிறவர்களுக்கு இராத்தங்கல் அறைகளாகிவிட்டன. கடல் கொந்தளித்துப் படகு நின்றால் ஆசிரியர்களும் அந்த அறையைத்தான் கேட்கப்போக வேண்டும். "வெள்ளையள் ஒரு இரவுக்குத் தாற காசை நீங்கள் ஒரு மாசத்துக்குத் தாறியள்" என்று அறைக்காரர் வருத்தத்தோடு சொல்வார். வருத்தம் உண்மையானதுதான்.

மாஸ்ரரின் கதைக்கு வருவோம். ஸ்காபரோ சரிவரவில்லை. சூரிச்சில் வாடகை சம்பளத்தின் பாதி. அலைந்து களைத்தபோது திறப்புக்காரரே குரலைத் தாழ்த்தி, "ஒரு சின்ன வீடு இருக்கு. ரெண்டறை. முழுவீடும் உங்களுக்குத்தான். கிணறும் நல்ல தண்ணி" என்றார். கோயில் கேட்கவில்லை. மச்சம் கேட்கவில்லை. கோர்வையில் பெயர் எழுதாத ஒரே திறப்பைக் கழற்றித் தந்தார்.

அது அவருடைய சொந்த வீடு. வீட்டுத்திட்ட வீடு. இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2012இல் தொடங்கியபோது ஒரு வீட்டுக்குக் கொடுத்தது அஞ்சரை லட்சம் ரூபாய். சாமானின் விலை அத்தோடு நில்லாததால் நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் கட்டி முடித்தவர்கள்தான் அநேகர். அப்படிக் கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு, திறப்புக்காரரும் மனைவியும் பாரிஸின் விறாந்தையில் படுக்கிறார்கள். காவலுக்கு ஆள் இருக்க வேண்டும் என்பது பாரிஸ்காரரின் கட்டளை. காவல்காரருக்குச் சம்பளம் தீபாவளிக்கு வருகிறது, சில தீபாவளிக்கு வருவதில்லை. அடகு நகைக்கு வட்டி மாதா மாதம் வருகிறது.

மாஸ்ரர் ஒரு வருட முற்பணத்தை எண்ணிக் கொடுத்தார். சாமான் இறக்கினார். பிள்ளைகள் சுவரில் கீறினார்கள். மீன் குசினிக்குள் வந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி ஒரு குறையுமில்லை. ஆனி பிறந்து இரண்டாம் கிழமை படலையடியில் திறப்புச் சத்தம் கேட்டது.

"மாஸ்ரர், பாரிஸ்காரர் குடும்பமா வாறாராம். ஆடி முழுக்க நிப்பினமாம்."

"வரட்டுமே, ஐயா. நான் உங்கட வீட்டிலதானே இருக்கிறன்?"

"அதுதான் மாஸ்ரர் கதை. அவை வந்தால் நானும் மனிசியும் அங்கை இருக்கேலாது. எங்களுக்குப் போக வேற இடம் எது? என்ர வீட்டுக்குத்தானே வரோணும். நீங்கள் அந்த ஒரு மாசம் மட்டும்…"

சொல்லிவிட்டு, வாடகையைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்பதுபோல் கையை அசைத்தார்.

"சாமான் கிடக்கட்டும்."