கால்மிதியை மட்டும் பார்க்கும் கேமரா

ஸ்டுட்கார்ட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு, கீதா எழுதுவது.

நீங்கள் கொடுத்தனுப்பிய பையை அந்தப் பையன் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். பருப்புப்பொடி பாதி காலி. வடகம் நொறுங்கவில்லை என்று சித்தியிடம் சொல்லுங்கள். அந்தக் காலிங்பெல் கேமரா மட்டும் பெட்டி பிரிக்காமல் ஷூ ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. "மாட்டியாச்சா?" என்று நீங்கள் வாட்ஸப்பில் கேட்கும்போதெல்லாம் நான் கைகூப்பும் பொம்மை அனுப்பியதற்குக் காரணம், இந்தக் கதையை டைப் அடித்து மாளாது என்பதுதான். இன்று ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்களாக இருந்தால் ஏணியைப் போட்டு ஏறி மாட்டி முடித்துவிட்டு, அப்புறம்தான் சித்தியிடமே சொல்வீர்கள். இங்கே எங்கள் கதவுக்கு வெளியே இருக்கும் மாடிப்படி எல்லாக் குடித்தனத்துக்கும் பொது. அங்கே கேமரா வைத்தால் எதிர் ஃபிளாட்டுக்கு யார் வந்தார், எப்போது போனார் என்பதெல்லாம் என் போனில் தெரிந்துவிடும். எதற்கு வம்பு என்று வீட்டு நிர்வாக அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு மெயில் போட்டேன். பதில் தபாலில் வந்தது, கையெழுத்தோடு. எதிர்க்கதவு தெரியக் கூடாது. படிக்கட்டு தெரியக் கூடாது. லிஃப்ட் தெரியக் கூடாது. படிக்கட்டு ஜன்னல் வழியாக ரோட்டின் நடைபாதை தெரிந்தால் அது இன்னும் மோசம். குரல் பதிவு பற்றிப் பேச்சே கிடையாது. ஒருவர் பேசுவதை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்வது இந்த நாட்டில் கிரிமினல் குற்றம்.

என் வீட்டுக்காரர் விடவில்லை. உங்கள் கேமராவின் கோணத்தைப் பெட்டியில் பார்த்து, காகிதத்தில் கோடு போட்டு, கீழே சாய்த்து மாட்டினால் என்ன தெரியும் என்று கணக்குப் பார்த்தார். எல்லாம் கழிந்தபின் சட்டப்படி மிஞ்சியது எங்கள் கால்மிதி. அதன் மேல் யாராவது வந்து நின்றால் அவருடைய ஷூ. திருடன் வந்தால் போலீஸிடம், "பழுப்பு கலர், லேஸ் வைத்தது, ஒன்பதாம் நம்பர் இருக்கும்" என்று வாக்குமூலம் கொடுக்கலாம்.

உங்கள் மூளை எனக்குத் தெரியாதா? "சரி, பேட்டரி போடாம வெறும் டப்பாவையாவது மாட்டி வை, பயப்படுவான்" என்பீர்கள். அதையும் விசாரித்தாயிற்று. பொய்க் கேமராவும் கூடாதாம். தன்னை யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு சங்கடம் இருக்குமே, அதுவே வழக்குப் போடப் போதும் என்று இங்குள்ள கோர்ட்டுகள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. படமே எடுக்காத டப்பா, ஆனாலும் அது பார்க்கிறது! புதுவீடு கட்டும்போது விழி பிதுங்க ஒரு பூசணிக்காயைத் தொங்கவிடுவோமே, அதை இங்கே தொங்கவிட்டால் எதிர்வீட்டுக்காரர் நேரே வக்கீலிடம்தான் போவார். கதவில் இருக்கும் கண்ணாடித் துளை வழியாக நானே ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பதற்குத் தடையில்லை. என் கண்ணில் மெமரி கார்டு இல்லை என்று நம்புகிறார்கள்.

போன வருஷம் கூகுள் மேப்பில் எங்கள் தெருவைத் தேடிவிட்டு, "உன் பக்கத்து வீடு மட்டும் ஒரே புகையா இருக்கே, பனியா?" என்று கேட்டீர்கள். பனி இல்லை. அவர்கள் கேட்டு வாங்கிய மங்கல் அது. 2010-இல் கூகுள் இங்கே இருபது நகரங்களின் தெருக்களைப் படம் பிடித்து வெளியிடுவதற்குள், சுமார் 2,44,000 வீட்டுக்காரர்கள் "என் வீட்டை மறை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனியே அலுத்துப்போய் பல வருஷம் புதுப்படம் வெளியிடாமல் இருந்து, 2023-இல்தான் மறுபடி கேமரா வண்டிகளின் படங்களைப் போட்டது. இப்போதும் எழுதிக் கேட்டால் மறைப்பார்கள். பக்கத்து நாடு இன்னும் ஒரு படி மேலே. 2018-இல் வியன்னாவில் நகராட்சிக் குடியிருப்புகளின் வாசலில் இருந்த பெயர்களை எடுத்துவிட்டு நம்பர் போடுவதென்று முடிவு செய்தார்கள், 2,20,000 வீடுகளுக்கு.

பொம்மையைக்கூட விட்டுவைக்கவில்லை. கெய்லா என்று ஒரு பேசும் பொம்மை. குழந்தை கேட்கும் கேள்விக்கு இணையத்தில் தேடிப் பதில் சொல்லும். உள்ளே மைக்கும் ப்ளூடூத்தும் இருப்பதால் வெளியாள் ஒட்டுக்கேட்க முடியும் என்று 2017-இல் தொலைத்தொடர்பு ஆணையம் அதை மறைமுக உளவுக் கருவி என்று அறிவித்துத் தடை செய்தது. வாங்கிய பெற்றோர் பொம்மையை அழித்துவிட வேண்டும் என்று சொன்னது. இந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் குட்டி நிலா தன் கரடிப் பொம்மையின் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறாள்.

எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. கீழ்வீட்டு அம்மாளிடம் சிரித்துக்கொண்டே சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஓய்வுபெற்ற டீச்சர். எங்கள் முறைக்கு நான் படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன், அவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று பாடமே எடுத்தார். 1983-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பியதாம், அவரும் தெருவில் இறங்கினாராம். அந்த டிசம்பரில் கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கும் அரசியல் சட்ட நீதிமன்றம், தன்னைப் பற்றிய தகவலை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கிற உரிமை அவரவருக்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. கணக்கெடுப்பு 1987-க்குத் தள்ளிப்போனது. ஹிட்லர் காலத்தில் யார் யூதர் என்று பட்டியல் எடுத்தது, அப்புறம் கிழக்கு ஜெர்மனியில் ஸ்டாசி போலீஸ் வீட்டுக்கு வீடு ஃபைல் போட்டது, இரண்டையும் பார்த்த நாடு இது என்றார். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். மறுக்க என்ன இருக்கிறது?

ஆனால் அதே அம்மாள் கிளம்பும்போது, "செவ்வாய்க்கிழமை உங்களுக்கு இரண்டு பார்சல் வந்தது, ஒன்றில் மசாலா வாசனை. அட்டைப்பெட்டியை மடிக்காமல் தொட்டியில் போட்டதும் உங்கள் கணவர்தான்" என்றார். இந்த அம்மாளுக்கு எதற்குக் கேமரா?

வைஃபை கதை தனி. மாப்பிள்ளை வீட்டார் வந்தால்கூட காபி கொடுப்பதற்கு முன் பாஸ்வேர்டு கொடுக்கிற ஊர் நம்முடையது. இங்கே 2010-இல் உச்ச நீதிமன்றம், வைஃபைக்குப் பூட்டுப் போடாமல் திறந்துவிட்டு, அதில் எவனோ பாட்டோ படமோ திருடினால், இணைப்புக்காரர்தான் வக்கீல் நோட்டீஸ் செலவைக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. காபிக் கடைகளெல்லாம் பயந்து வைஃபையை இழுத்து மூடின. ஊருக்கு இலவச வைஃபை கொடுக்கத் துடித்த ஃப்ரைஃபுங்க் தன்னார்வலர்கள், நோட்டீஸ் கைக்கு எட்டாமல் இருக்க இணைப்பை ஸ்வீடன் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். 2017-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். பயம் மட்டும் இன்னும் தெளியவில்லை.

மெர்சிடிஸும் போர்ஷும் பாஷும் இருக்கிற ஊர் என்று நீங்கள் நண்பர்களிடம் பெருமையடிப்பது எனக்குத் தெரியும். அந்த ஊரில் ரயில் இரண்டு மலைக்கு நடுவே போனால் உங்கள் குரல் அறுந்துவிடும். நான் பேச்சைத் துண்டிக்கிறேன் என்று சித்தி கோபித்துக்கொள்கிறாரே, அதற்குப் பொறுப்பு மலைகள். சிக்னல் இல்லாத இடங்களைக் குறித்துக்கொள்ள 2018-இல் அரசாங்கமே போனில் ஒரு வசதி கொண்டுவந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் அது சமர்த்தாகக் குறித்து வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அனுப்புமாம். நீங்கள் வயலில் நின்றுகொண்டு நாற்றைக் காட்டி வீடியோ கால் போடுகிறபோது எனக்கு வயிறு எரிகிறது, நிஜமாகவே. இணைய இணைப்புக்கு டெக்னீஷியன் வருகிறேன் என்று சொன்ன நாளில் லீவு போட்டுக் காத்திருந்தேன். மாலையில், ஆள் வந்து மணியடித்தும் யாரும் திறக்கவில்லை என்று கடிதம் வந்தது. கதவில் கேமரா இருந்திருந்தால் வரவே இல்லை என்று நிரூபித்திருப்பேன், அதுதான் கூடாதே!

இப்போது உங்களுக்குப் பிடித்த சோலார் விஷயத்துக்கு வருகிறேன். மொட்டை மாடியில் மூன்று கிலோவாட், மானியம் 78,000 ரூபாய், கீழே சார்ஜ் ஆகும் ஸ்கூட்டர். மின்வாரியத்தில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர் வாரியத்துக்கே கரண்ட் விற்கிறார். இந்த வாசகத்தை இவர் ஆபீஸில் ஜெர்மனில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். எங்களுக்கு மாடி இல்லை, பால்கனிதான் உண்டு. அதன் கம்பியில் பேனலைக் கட்டி, வயரை எடுத்துச் சாதாரண பிளக்கில் செருகினால் கரண்ட் வீட்டுக்குள் வரும். பிளக்கிலிருந்து எடுக்கவில்லை சித்தப்பா, பிளக்குக்குள் விடுகிறோம். நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்னும் இருக்கிறது. 800 வாட் வரைக்கும் எலக்ட்ரீஷியன் வேண்டாம், ஆன்லைனில் பதிவு செய்தால் போதும். பழைய சக்கர மீட்டர் பின்பக்கமாக ஓடினால்கூட, புது மீட்டர் மாட்டும்வரை குற்றமில்லை என்று 2024-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். மீட்டரைப் பின்னால் ஓடவைத்தவர்களைப் பிடிக்க நீங்கள் எத்தனை ராத்திரி அலைந்திருப்பீர்கள்! இவர் அதற்கும் ஒரு ஆப் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் "நாற்பத்து மூணு வாட்... மேகம் வந்துடுச்சு, முப்பத்தொண்ணு" என்று ஸ்கோர் சொல்கிறார். டிசம்பரில் அந்த ஆப்பைத் திறப்பதே இல்லை, மனசு தாங்காது.

கார் வாங்கவில்லையா என்ற கேள்விக்கும் பதில். மின்சாரக் காருக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் 2023 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அறிவித்து, மறுநாள் ஞாயிறோடு நிறுத்திவிட்டார்கள். நாங்கள் கலர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தோம். ஆகவே மாதப் பாஸ்தான். நாடு முழுக்க பஸ், டிராம், சாதா ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்தது, ஏறி ஏறி இப்போது 63. குறையொன்றும் சொல்ல மாட்டேன், ஏழு கடல் தாண்டி வந்ததில் எனக்குக் கிடைத்த உருப்படியான பொருள் அது. தூசிக்குப் பேர்போன நெக்கார்டோர் சந்திப்பும் நான் அந்தப் பாஸில் போகும் வழியில்தான். 2017-இல் அங்கே புகையைத் தின்னட்டும் என்று ரோட்டோரமாக நூறு மீட்டர் நீளத்துக்குப் பாசிச் சுவர் வைத்துப் பார்த்தார்கள். பாசிதான் காய்ந்தது.

ஒருமுறை மின்சாரக் காரை வாடகைக்கு எடுத்துக் கருங்காட்டுப் பக்கம் போனோம். ஒவ்வொரு சார்ஜிங் கம்பத்துக்கும் ஒரு கம்பெனி, கம்பெனிக்கு ஒரு ஆப், ஆப்புக்கு ஒரு பதிவு. பதிவு செய்யப்போனால் முதலில் உங்கள் அந்தரங்கத்தை நாங்கள் எப்படிக் காப்போம் என்று முழநீளம் படித்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதைப் படிக்கலாம் என்றால் மலைச்சரிவில் சிக்னல் இல்லை. கார் நிற்கிறது, கம்பம் நிற்கிறது, நடுவில் நாங்கள் போனை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம். 1888-இல் பெர்த்தா பென்ஸ் அம்மையார் புருஷனிடம் சொல்லாமல் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் போனபோது, வழியில் வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். அந்த மருந்துக்கடைக்காரர் ஆப்பை இறக்கிக்கொள்ளச் சொன்னதாகச் சரித்திரத்தில் இல்லை.

கடைசியாக ஒன்று, கோபிக்காமல் படியுங்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நான் ஊரில் நம் வீட்டுக் கேமராக்களைப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். கேட் கேமராவில் கீரைக்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, சித்தியிடம் பேரம் பேசிக்கொண்டே கட்டின் வேரை உதறுவதுவரை தெரிகிறது. சத்தம் இல்லை, ஆனாலும் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆபீஸில் பக்கத்து மேஜைப் பெண் எட்டிப்பார்த்து, "படமா?" என்றாள். "எங்கள் வீடு" என்றேன். "நீ பார்ப்பது அந்த அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். அந்தம்மாவைக் கேட்டால் "நீ பாரு கண்ணு" என்றுதான் சொல்வார். ஆனால் யாரும் கேட்கவில்லையே.

அதனால் ஒரு வேண்டுகோள். மூன்றாவது கேமரா நேராக எதிர்வீட்டுத் திண்ணையைப் பார்க்கிறது. அவர்கள் வீட்டு மருமகள் துணி காயப்போடுவதும், மாமா பல் விளக்குவதும் ஸ்டுட்கார்ட்வரை ஒளிபரப்பாகிறது. ஒரு ஏணியைப் போட்டு அதைக் கொஞ்சம் நம் தென்னை மரத்தின் பக்கம் திருப்பிவிடுங்கள். கேட் கேமராவைத் தொட வேண்டாம். அதில் நியாயம் இருக்கிறதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதை மட்டும் தொட வேண்டாம்.

சித்திக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
கீதா

பி.கு.: வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்வீட் ஸ்டால் பொட்டலத்தை எடுத்து, கேட்டைத் திறப்பதற்கு முன் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டீர்கள். படம் நல்ல தெளிவு. சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்றாவது கேமராவை எப்போது திருப்புகிறீர்கள்?